மேல்மாடத்துக்குக் கேட்ட சுருதி

முப்பது வயதுவரை எர்மெத்தே பொக்கி பார்மாவில் ஒரு பாலாடைக்கட்டிக் கிடங்கில் வேலை பார்த்தார். வண்டிச்சக்கரம் போன்ற கட்டிகளைப் புரட்டிப் போடும்போது பாடுவார். வெளிச்சம் குறைவான, எடை மிகுந்த குரல். வாளெடுத்துச் சாகப்போகும் நாயகர்களுக்கென்றே அமைந்த, டெனர் என்னும் உச்சஸ்தாயி ஆண்குரல். அதைக் கொண்டு வெனிஸ், நேப்பிள்ஸ், லிஸ்பன் வரை போய்வந்தார். சொந்த ஊரில் மட்டும் பாடப் பயந்தார்.

எங்கள் ஓபரா அரங்கின் மேல்மாடம் அப்படி. கசாப்புக்காரர்களும் முடிதிருத்துபவர்களும் நிரம்பிய மாடம். குற்றம் கண்டால் விசிலடித்தே மானத்தை வாங்கிவிடுவார்கள். உள்ளூர்க்காரன் என்றால் இன்னும் பலமாக.

ஐம்பது தாண்டிய பிறகுதான் ஒரு குளிர்காலத்தில் ஒப்புக்கொண்டார். அதற்குள் உச்சசுரம் மெலிந்துவிட்டது. மூன்றாம் அங்கத்தின் முடிவில் வரும் போர்ப்பாட்டை அரைச்சுருதி இறக்கிக்கொள்வதென்று இசையை நடத்தும் தர்தாரியோடு ரகசிய ஏற்பாடு. கோரஸில் நிற்கும் எங்களுக்கு ஒத்திகையிலேயே தெரிந்துவிட்டது.

நிகழ்ச்சியன்று மூன்றாம் அங்கத்துக்கு முந்தைய இடைவேளையில் அவர் தங்கை கணவன் நெல்லோ மேல்மாடத்திலிருந்து இறங்கி வந்தான். கசாப்புக்கடைக்காரன்.

"மச்சான், நீ இறக்கிப் பாடப்போறேன்னு மேல பேசிக்கிறானுங்க."

"நீ என்ன சொன்னே?"

"கேட்டுட்டுச் சொல்றேன்னேன்." பையிலிருந்து சுருதி பார்க்கும் இசைக்கவையை எடுத்து முழங்காலில் தட்டிக் காதில் வைத்தான். "இறக்கினா முதல் விசில் என்னுது. உன் தங்கச்சி எனக்கு ஒரு மாசம் சூப்பு ஊத்தமாட்டா. பரவால்ல."

"ஏறிப் பாடி உடைஞ்சா?"

"உடையட்டும். எங்களை ஏமாத்தாதே."

அவன் போனதும் எர்மெத்தே தர்தாரியைத் தேடிப் போனார்.

"மாயெஸ்த்ரோ, பழைய சுருதியிலேயே வாசிங்க."

"பைத்தியமா பொக்கி? குரல் போச்சுன்னா அடுத்து எவன் கூப்பிடுவான் உன்னை?"

"தெரியும். வாசிங்க."

வாத்தியக்காரர்கள் முணுமுணுத்தபடி தாள்களை மாற்றினார்கள். ஈட்டிகளுடன் அவருக்குப் பின்னால் நின்றோம். எனக்குத் தெரிந்தது அவருடைய வியர்த்த பிடரி மட்டும். உச்சசுரம் சரியாகத்தான் ஏறியது. ஒரு கணம் நின்றது. பிறகு ஈரத்துணி கிழிவதுபோல் கிழிந்தது.

திரை விழுவதற்குள் விசில் வந்துவிட்டது. கூடவே நெல்லோவின் குரல்.

"சுருதி சரிடா! இறக்கலடா!"

"சரியா இருந்து என்ன புண்ணியம்? கிழிஞ்சுபோச்சே!" என்றான் மாடத்தில் இன்னொருவன்.

"நீ மேடைக்குப் போய் ஏறிப் பாரேன்!"

"போடா, எலும்பு வெட்டி!"

திரைக்குப் பின்னால் மாற்றுப் பாடகன் உடை மாட்டித் தயாராக நின்றான். எர்மெத்தே தண்ணீரை வாயில் ஊற்றித் துப்பினார். "அவனை வீட்டுக்குப் போகச் சொல்லுங்க" என்றார். சொன்ன குரல் கரகரத்தது. யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசி அங்கம் சிறையில். திரை உயர்ந்தபோது மேல்மாடத்தில் சண்டை ஓயவில்லை. அவர் கல்படியில் உட்கார்ந்து தாழ்ந்த சுரங்களில் தொடங்கினார். முதல் வரியில் கரகரப்பு இருந்தது. இரண்டாவதில் பழைய எடை மெல்லத் திரும்பியது. மேலே ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

வரிக்கும் வரிக்கும் இடையே இருட்டிலிருந்து யாரோ சொன்னது மேடைவரை கேட்டது.

"ம்... பாடு."