உம் கொட்ட ஓர் ஆள்

வியாகுலமேரி டீச்சருக்கு மைக் தேவையில்லை என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். காலையில் பள்ளிக்கூட வாசலில் நின்று "வரிசை!" என்று ஒரு சத்தம் போட்டால், கண்மாய்க் கரையில் மாடு மேய்ப்பவர்கூட ஒரு நொடி நிமிர்ந்து நிற்பார். அப்படிப்பட்டவர் ஒரு கைப்பேசியின் முன்னால் உட்கார்ந்து பேச முடியாமல் திணறியதையும், பிறகு அதே கைப்பேசியில் பேசியே ஒரு பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றியதையும் நான் குவைத்தில் என் இரும்புக் கட்டிலில் உட்கார்ந்தபடி பார்த்தேன். என் பெயர் செம்மல். ஏசி மெக்கானிக். மேடைப் பேச்சு என்றாலே எனக்கு ஆகாது. ஆனால் இந்த அம்மாள் பேசினால் மட்டும் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து கேட்பேன்.

டீச்சருக்குச் சொந்த ஊர் ஆவூர்ப் பக்கம். அப்பா ஆரோக்கியமுத்து விவசாயி. ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பது அவர் பொறுப்பு. ஒரு வாரம் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் பள்ளிக்கூடம் போகிற மகளை வாசிக்க அனுப்பினாராம். அதற்குப் பிறகு கோயில் மைக் மகளை விட்டுப் போகவே இல்லை. கீரனூரில் படித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைக்காகப் பல வருடம் காத்துக் கிடந்து, அரசுப் பேருந்து நடத்துநர் ஃபிரெடியைக் கட்டிக்கொண்டு அறந்தாங்கிக்கு வந்து சேர்ந்தார். எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளிக்கு அவர்தான் தலைமை ஆசிரியர். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மொத்தமே இரண்டு ஆசிரியர்கள். மணி அடிப்பதும் டீச்சர்தான், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஊராட்சி அலுவலகத்தில் போய்ச் சண்டை போடுவதும் டீச்சர்தான்.

கோபக்காரர். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைவிட அதைக் கவனிக்காத தாயைத்தான் அதிகம் திட்டுவார். என் மனைவி அன்புமொழி அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத மாதமே கிடையாது. ஆனாலும் அவரை ஒரு சொல் குறைத்துச் சொன்னால் அவளுக்குப் பொறுக்காது.

இந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. எங்கள் ஊரில் பாதி வீட்டில் ஆம்பளைகள் வெளிநாட்டில் இருக்கிறோம். அறந்தாங்கியிலிருந்து வருகிற தனியார் பள்ளி மஞ்சள் வேன் வீடு வீடாக நின்று பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனது. உள்ளூர்ப் பள்ளியில் ஒவ்வொரு வருடமும் ஒரு பெஞ்சு காலியானது. போன பங்குனியில் அதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகள் சேராவிட்டால் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து ஊருக்குப் போக மெயின் ரோட்டைத் தாண்ட வேண்டும். லாரிகள் கண்மண் தெரியாமல் போகிற ரோடு அது. என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு.

டீச்சர் வெயிலில் வீடு வீடாகப் போனார். எல்லா வீட்டிலும் மோர் கொடுத்தார்கள், நாற்காலி போட்டார்கள், கடைசியில் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"அவுக அப்பாவக் கேக்கணும் டீச்சர்."

"அப்ப அந்த அப்பாக்களையே கேட்டுருவோம்" என்று டீச்சர் கிளம்பிவிட்டார். ஊர்த் திருவிழாவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. குவைத், கத்தார், சிங்கப்பூர் என்று எல்லோரும் அதில் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடியோ கூட்டம் என்று அதில் அறிவித்தார். எங்களுக்கு அன்று லீவு. கூட்டத்துக்கு எங்கள் அறையில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே போன். அதைச் சோற்றுக் குக்கர் மேல் சாய்த்து வைத்து, மேல்கட்டிலும் கீழ்க்கட்டிலுமாக உட்கார்ந்தோம். நடுவில் ராக்கன் அண்ணன். கட்டட வேலையில் ஃபோர்மேன். அவர் மகன் வேன் பள்ளிக்கூடத்தில் யூ.கே.ஜி. முடித்து ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டியவன். அண்ணன் எந்தப் பள்ளிக்கூடத்தைச் சொல்கிறாரோ, மற்ற தகப்பன்மாரும் கண்ணை மூடிக்கொண்டு அங்கேதான் சேர்ப்பார்கள். ஊரில் அவர் பேச்சுக்கு அப்படியொரு மதிப்பு.

கூட்டம் தொடங்கியதும் ஒரே இரைச்சல். ஒருவன் அறையில் டிவி, ஒருவன் அறையில் வெங்காயம் வதங்குகிறது. டீச்சர் எல்லோருடைய மைக்கையும் அடைத்துவிட்டார். சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் அவர் முகம் கருப்பாகத்தான் தெரிந்தது. பிறகு ஆரம்பித்தார் பாருங்கள், வணக்கம்!

எங்கள் ஊர் மேடையில் ஒருவர் பெயரைச் சொல்லாமல் விட்டால் அவர் மறுவருடம் தேர் வடத்தைத் தொடமாட்டார். இதை யாரோ டீச்சர் காதில் போட்டிருக்கிறார்கள். வெளியூர்க்காரர், வேதக்காரர், நம்மால் எந்த வம்பும் வந்துவிடக் கூடாதே என்று திருவிழா அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இருக்கிற வரிசைப்படி திருவிழாவில் பங்குள்ள ஒவ்வொரு கரைக்காரரையும், அவர் வகையறாவையும், அவர் வாழ்கிற நாட்டையும் சொல்லி வணங்கினார். "மதிப்பிற்குரிய", "போற்றுதலுக்குரிய", "என்றும் மரியாதைக்குரிய" என்று ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். நடுவில் எவனாவது புதிதாக உள்ளே வந்தால், "தற்போது வருகை தந்திருக்கும்" என்று அவனுக்குத் தனியாக ஒரு வரவேற்பு. இலவசச் செயலி என்பதால் கூட்டம் நாற்பது நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். "இந்த இனிய மாலைப் பொழுதிலே நாம் எதற்காகக் கூடியிருக்கிறோம் என்றால்" என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டுவிட்டது.

"டீச்சர் என்னப்பா சொல்ல வந்தாங்க?" என்று ராக்கன் அண்ணன் கேட்டார்.

"நமக்கு வணக்கம் சொல்ல வந்தாங்கண்ணே" என்றான் மேல்கட்டிலில் படுத்திருந்த ஜஸ்டின்.

அறையே சிரித்தது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. சிரித்தவர்கள் மேலும் எரிச்சல், டீச்சர் மேலும் எரிச்சல். அவரவருக்கு விளையாட்டு, ரோட்டைத் தாண்டப் போவது என் மகளல்லவா?

மறுநாள் டீச்சரே எனக்குப் போன் போட்டார்.

"தம்பி, ஒளிக்காமச் சொல்லுங்க. நேத்து எப்படி இருந்துச்சு?"

"நெசத்தச் சொன்னா கோவிச்சுக்குவீங்க டீச்சர்."

"கோவிச்சுக்குவேன். நீங்க சொல்லுங்க."

சொன்னேன். வணக்கத்தைச் சொன்னேன், கருத்த முகத்தைச் சொன்னேன், கேலியையும் சொன்னேன். பிறகு டீச்சர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"எனக்கு என்ன ஆச்சுன்னா தம்பி, யாரும் உம் கொட்டல. ஒரு கதை சொன்னாக்கூட எதுத்தாப்ல ஒருத்தரு உம் கொட்டணுமா இல்லையா? கட்டம் கட்டமா இருட்டுத்தான் தெரியுது. நான் பேசுறது போய்ச் சேருதா இல்லையான்னே தெரியல. அந்தப் பயத்துலதான் வணக்கத்தையே புடிச்சுத் தொங்கிக்கிட்டு இருந்தேன்."

இவ்வளவு வருடம் பேசிப் பழகியவர் பயந்தேன் என்று சொன்னதும் என் எரிச்சல் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னைக் கேள்வியாகக் கேட்டுத் துளைத்தார். நாங்கள் எப்படி உட்காருவோம், படம் எவ்வளவு பெரிதாகத் தெரியும், ஏன் எவனும் முகம் காட்டுவதில்லை என்று எல்லாம் கேட்டார். லீவு நாளில் கைலியோடும் வெறும் உடம்போடும் கிடப்போம், பொம்பளை வாத்தியார் முன்னால் எப்படி முகம் காட்டுவது என்றேன். அது அவருக்குத் தோன்றவே இல்லையாம். என்னை மதிக்கவில்லை என்றல்லவா நினைத்தேன் என்றார்.

போகிற போக்கில், "மககிட்ட எப்பப் பேசுவீங்க?" என்று கேட்டார். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளே கூப்பிடுவாள், இங்கே எங்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம், தினமும் பேசுவோம் என்றேன்.

"மத்தவங்க?"

"அவங்க பிள்ளைக எல்லாம் வேன்ல வந்து எறங்கி, அப்பறம் டியூசன் போயிட்டு வர்றதுக... இவுக டூட்டி முடிஞ்சு கூப்புடுறப்ப தூங்கிரும்."

"சரி, வைக்கிறேன்" என்று டீச்சர் சட்டென்று வைத்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் வீட்டில் ஒத்திகை நடந்ததை, உதவிக்குப் போய்வந்த அன்புமொழி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். டீச்சர் முன்னறையில் பேசுவாராம். ஃபிரெடி சார் கொல்லையில் வேப்பமரத்தடியில் போனோடு நின்று, "மேரி, நெத்தி மட்டுந்தான் தெரியுது!" என்று கத்துவாராம். பாடப்புத்தகங்களை அடுக்கி அதன் மேல் போனைக் கண் உயரத்துக்கு நிறுத்தினார். நாற்காலியைத் திருப்பிச் சன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். பேசும்போது கண் திரையின் மேல் போகிறது, கேட்பவர்களுக்கோ அது எங்கோ பார்ப்பதாகத் தெரிகிறது என்று சார் சொன்னதும், அன்புமொழியிடம் ஒரு ஸ்டிக்கர் பொட்டு வாங்கிக் கேமரா துளைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். அந்தப் பொட்டைப் பார்த்தே பேசிப் பழகினார். வேறொருவராக இருந்தால் முதல் கூட்டத்தோடு மானம் போச்சு என்று முடங்கியிருப்பார். இந்த அம்மாளுக்கு எங்கிருந்துதான் அந்தத் தெம்பு வந்ததோ!

அடுத்த வெள்ளிக்கிழமை, கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் எனக்குப் போன்.

"தம்பி, இந்தத் தடவ ஒங்க மைக்க மட்டும் தொறந்து வைப்பேன். நீங்க உம் கொட்டுங்க. அது போதும் எனக்கு."

ஆக, அன்றைக்கு எனக்கு உம் கொட்டும் உத்தியோகம். மற்றவர்கள் நக்கலாகப் பார்க்க, நான் போனுக்குப் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் டீச்சர் முகம் பளிச்சென்று தெரிந்தது. நேராக எங்களைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் சேத்து ஒரே வணக்கம். பேரு சொல்லலன்னு கோவம்னா ஊருக்கு வந்து என்கிட்ட சண்ட போடுங்க."

"உம்" என்றேன். யாரோ சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு.

"ஜூன் மாசம் ஒண்ணாப்புல பிள்ளைக சேரலன்னா பள்ளிக்கூடத்த இணைச்சுருவாங்க. அதத் தடுக்குறது ஒங்க கையிலதான் இருக்கு. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ராக்கன் தம்பி, செம்மல் தம்பி மைக்கு தொறந்துதான் இருக்கு, அதுலயே பேசுங்க. ஒங்க மகன் கடைசியா ஒங்ககிட்ட என்ன பேசுனான்?"

ராக்கன் அண்ணன் இதை எதிர்பார்க்கவில்லை. ஆங்கில மீடியம், சீருடை என்று ஏதேதோ பதில் தயார் செய்து வைத்திருந்தார்.

"வெள்ளிக்கெழமதான் டீச்சர் பேசுறது. மத்த நாள் நான் கூப்புடுறப்பத் தூங்கிருவான்."

"சரி, போன வெள்ளிக்கெழம என்ன பேசுனான்?"

"சாப்புட்டியான்னு கேட்டேன். சாப்புட்டேன்னான். அப்பறம் போன அவுக அம்மாகிட்டக் குடுத்துட்டான்."

எனக்கு உம் கொட்ட மறந்துவிட்டது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. போன வாரமாக இருந்தால் டீச்சர் அந்த அமைதியைப் பார்த்துப் பதறி எதையாவது பேசி நிரப்பியிருப்பார். இப்போது பேசாமல் இருந்தார். எங்களைப் பார்த்தபடியே இருந்தார். அந்த நேரத்தில் நான் அவரை அண்ணாந்து பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு மெதுவாகச் சொன்னார். "வேன் விடியக்காத்தாலயே வந்துருது. பிள்ள அரத் தூக்கத்துல ஏறுது, இருட்டுனதுக்கப்பறம் வீடு வருது. எங்க பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விட்டுரும். அங்க ஒங்களுக்குச் சோத்து நேரம். சிங்கப்பூர்ல வேல முடியுற நேரம். தெனமும் பேசலாம். செம்மல் தம்பி பேசுறாரு, பக்கத்துல இருந்து பாத்துருப்பீங்க."

பார்த்திருக்கிறார்கள். நான் மகளோடு கொஞ்சிக்கொண்டிருக்கும்போது சாப்பாட்டுத் தட்டோடு தள்ளிப் போய் உட்காருவார்கள். அது ஏன் என்று எனக்கு அன்றுவரை புரியவில்லை.

"இங்கிலீசு டீச்சர்?" என்று ராக்கன் அண்ணன் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"டை, ஷூ எல்லாம் என்கிட்ட கெடையாது தம்பி. இங்கிலீசு நானே சொல்லித் தாரேன். ஒரு வருசம் பாருங்க. சரியில்லன்னா நீங்களே வேன்ல ஏத்தி விடுங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன். இப்ப யாரும் பதில் சொல்ல வேணாம். வீட்டுல பேசுங்க."

அவ்வளவுதான். நேரம் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. டீச்சர் கூட்டத்தை முடித்துவிட்டார். இத்தனை வருடத்தில் கேட்ட பேச்சுகளில், இன்னும் கொஞ்சம் பேச மாட்டாரா என்று நான் ஏங்கியது அந்த ஒன்றுக்குத்தான்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் நான் வேலையில் நிலைகொள்ளாமல் தவித்தேன். அன்புமொழியின் அழைப்பு வந்தது. ராக்கன் அண்ணன் மனைவி பொற்கொடி மகனைக் கையில் பிடித்துக்கொண்டு முதலில் வந்திருக்கிறாள். அவள் பின்னாலேயே மற்ற தாய்மார்கள் வரிசையாக. டீச்சர் எழுந்து நின்று, "மொத நாளே லேட்டா? மணி அடிச்சு எம்புட்டு நேரமாச்சு?" என்று அத்தனை பேரையும் திட்டினாராம். திட்டிக்கொண்டே அழுதாராம். அழுவது தெரியாமல் இருக்க இன்னும் சத்தமாகத் திட்டினாராம். பள்ளிக்கூடம் தப்பித்தது. இணைப்புப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

அன்று மதியம் நானும் ராக்கன் அண்ணனும் ஒரே இடத்தில் வேலை. கட்டடத்தின் நிழலில் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார், சோற்றில் கை வைக்கவில்லை. போன் அடித்தது. திரையில் மகன். முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் நின்றான். பேச வந்தவன் அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். வெள்ளிக்கிழமைகளில் குளித்து, தலை சீவி, சலவைச் சட்டை போட்டு உட்காரும் அப்பாவைத்தான் அவனுக்குத் தெரியும்.

"அப்பா, ஏன்ப்பா இம்புட்டு அழுக்கா இருக்க?"

"வேலையில இருக்கேன்ல."

"தெனமும் இப்படித்தான் இருப்பியா?"

அண்ணன் கை, முகத்தைத் துடைக்கத் துண்டை எடுத்தது. பிறகு துண்டைக் கீழே வைத்துவிட்டார். போனைக் கை எட்டுகிற மட்டும் நீட்டிப் பிடித்து, சிமெண்டு படிந்த தலை, வேர்வையில் நனைந்த சட்டை, கிழிந்த கையுறை எல்லாம் தெரியும்படி காட்டினார்.

"ஆமாடா. இதான் ஒங்கப்பன். நல்லாப் பாத்துக்க."