பளபளத்த செம்பு வளையம்

கடலில் ஒரு கருவியை இறக்கினால் முதலில் வழவழப்பு படியும், பிறகு பாசி, பிறகு படகின் அடியில் ஓடு ஓடாக ஒட்டுமே, அந்தக் கொட்டலசு. என் கருவி தண்ணீரின் கலங்கலை ஒரு சின்னக் கண்ணாடி வழியாக அளப்பது. கண்ணாடி மூடிக்கொண்டால் தெளிந்த கடலையும் சேறு என்றே சொல்லும். ஆராய்ச்சிப் படிப்பில் எனக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு மழைக்காலம். அதைக் கோட்டை விட்டால் இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

கண்ணாடியைச் சுற்றிச் செம்பு வளையம் போடுவது வழக்கம். செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்; அந்த நஞ்சுக்குப் பக்கத்தில் எதுவும் ஒட்டாது. வெளிநாட்டு வளையம் வர மாதக்கணக்காகும் என்றார்கள். எனக்கு ஏது அவ்வளவு பொறுமை? முத்தியால்பேட்டையில் பூஜைச் சாமான் செய்யும் பட்டறைக்காரரிடம் அளவு கொடுத்தேன். அவர் கொடுத்த வளையம் நகை போலிருந்தது. மாட்டி இறக்கிவிட்டோம்.

முதல் மழைக்குப் பிறகு மேலே எடுத்தால், வளையத்தின் மேலேயே கொட்டலசு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. கண்ணாடி தெரியவேயில்லை. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வண்டியை எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனேன்.

"என்னாண்ணே பண்ணீங்க இதுல?"

"கடல்ல போவுதுன்னு சொன்னியேம்மா. உப்புத்தண்ணில கறுத்துப் போயிடும்ல? அதான் பாலீஷ் போட்டு வார்னிஷ் அடிச்சேன். யாருக்கும் ரெண்டு கோட்டு அடிக்கமாட்டேன், உனக்கு அடிச்சேன்."

அவர் செய்யும் விளக்கு, சொம்பு எல்லாவற்றுக்கும் அதுதான் முறை. வாங்குகிறவர்கள் பச்சை பிடிக்காத செம்பைத்தான் கேட்கிறார்கள். எனக்கோ அது பச்சை பிடித்தே ஆக வேண்டும். வார்னிஷுக்குள் அடைபட்ட செம்பு எப்படிக் கரையும்?

"இது அரிச்சுப் போவணும்ண்ணே, அதுக்குத்தான் போடறதே!" என்று கத்தினேன். பட்டறைக்காரர் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் கொட்டலசைச் சுரண்டி, வார்னிஷை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, வெறும் செம்பாகக் கொடுத்தார். மீதி மழைக்காலமாவது கிடைக்கட்டும் என்று மறுபடி இறக்கினோம்.

கார்த்திகையில் பெருமழை வந்தது. ஆற்றுத் தண்ணீர் செம்மண்ணாகக் கடலில் கலந்தது. எனக்கு வேண்டியிருந்ததே அந்தக் கலங்கல்தான். மழை ஓய்ந்து கருவியை மேலே எடுத்தோம். உடம்பெல்லாம் பாசி. வளையம் பச்சைக் களிம்பேறி, புள்ளி புள்ளியாக அரித்து, பார்க்கச் சகிக்கவில்லை. நடுவில் கண்ணாடி மட்டும் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் படகிலேயே கை தட்டினேன்.

கத்தினது உறுத்திக்கொண்டே இருந்ததால் வளையத்தைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன்.

"உங்க வளையத்தாலதான்ண்ணே என் படிப்பு பொழச்சுது."

அவர் அதைத் துணியால் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப சந்தோஷம்மா. ஆனா இத நான் செஞ்சேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாத."