அவன் வராத இறுதி ஆட்டம்

போன வாரம் மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் ஒருவர் முழங்காலுக்கு நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டே வந்தார். ஜன்னல் காற்று அந்த வாசனையைக் கொண்டுவந்து என் மூக்கில் அறைந்தது. மற்றவர்களுக்கு அது சளி பிடித்த வீட்டு வாசனை. எனக்கு அது எங்கள் கல்லூரிக் கால்பந்து அணி. கூடவே வயிற்றுக்குள் ஒரு சின்ன எரிச்சல். தலை நரைத்த பிறகும் ஏழுமலை மேல் எனக்குப் பொறாமை தீரவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சிரித்துக்கொண்டேன், வேறென்ன செய்ய?

அணி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சின்னக் கல்லூரி; பதினோரு பேர் வந்துவிட்டால் அன்றைக்கு அணி உண்டு. உடை மாற்றுவது வேதியியல் ஆய்வகத்தின் பின்பக்க வராந்தாவில். அதனால் தைலத்தோடு அமில நெடியும் சேர்ந்துகொள்ளும். மைதானம் செம்மண். விழுந்தால் முட்டி உரியும். கோல்கீப்பர் கருங்குழிக்காரன். ரோட்டில் போகும் பஸ்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பான். பந்து வந்தால் கத்திக் கூப்பிட வேண்டும்.

இந்த லட்சணத்தில் முன்னால் நின்று கோல் போட வேண்டியவன் நான். ஒன்பதாம் நம்பர் பனியன் என்னுடையது. அப்பா கல்பாக்கத்தில் டெக்னீஷியன். குடியிருப்பு மைதானத்தில் பூட்ஸ் போட்டு விளையாடிப் பழகியவன் என்ற கர்வம் எனக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

இரண்டாம் வருஷம் ஏழுமலை வந்து சேர்ந்தான். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவன். மணலில் ஓடிய காலுக்குச் செம்மண் சிமெண்டுத் தரை மாதிரி. முதல் நாளே எங்கள் எல்லோரையும் தாண்டிக்கொண்டு போனான். பி.டி. சார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"டேய், நாளையிலேர்ந்து நீ பின்னாடி ஆடு."

"ஏன் சார்?"

"அவன் முன்னாடி ஆடப்போறான், அதான்."

அவ்வளவுதான். பனியனும் போயிற்று.

அந்த வருஷம் நாங்கள் ஜெயித்தோம். எப்போதும் முதல் சுற்றிலேயே திரும்பி வருகிறவர்கள், ஒவ்வொரு கல்லூரியாகத் தோற்கடித்தோம். எனக்கு ஜெயிக்க ஜெயிக்கக் கசந்தது. அவன் கோல் போடும்போதெல்லாம் ஓடிப்போய்த் தூக்க வேண்டும். தூக்கினேன். கனமாகத்தான் இருந்தான். அரையிறுதிக்கு அப்பா வந்தார். நான் ஆடுவதைப் பார்க்க அவர் வந்தது அதுதான் முதல் தடவை. வீடு வரைக்கும் ஒரே பேச்சு: "யாருடா அந்தப் பையன்? காலா அது? இன்னா ஓட்டம் ஓட்றான்!" நான் தடுத்த பந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஏழுமலை கெட்டவனாக இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். டிபன் டப்பாவில் வறுத்த மீன் கொண்டுவருவான். முதல் துண்டு எனக்குத்தான். "துன்னு மச்சான், எங்கம்மா ஒனக்குன்னே குடுத்துச்சு." அந்த மீனையும் பொறாமையோடுதான் தின்றேன். ருசியில் குறை சொல்ல முடியவில்லை.

இறுதி ஆட்டத்தன்று அவன் வரவில்லை. காத்திருந்தோம். அவன் சித்தப்பா மகன் பைக்கில் வந்து இறங்கினான்.

"கடலுக்குப் போய்ட்டு கரை சேரச்சொல்ல அலையில படகு கவுந்துடுச்சு சார். ஏழுமல காலு அடியில மாட்டிக்கிச்சு. எலும்பு ஒடஞ்சிகீது."

எனக்குள் 'ஐயோ'வும் 'அப்பாடா'வும் ஒரே மூச்சில் வந்தன. பி.டி. சார் ஒன்பதாம் நம்பர் பனியனை என் மேல் வீசினார். துவைத்த பிறகும் அதில் உப்புக் காற்று வாசனை இருந்தது.

அன்று நான் கோல் போட்டேன். வலப்பக்கத்திலிருந்து வந்த பந்து, யோசிக்க நேரமில்லை, இடது காலால் ஓங்கி உதைத்தேன். வலை குலுங்கியது. ஆனால் அவர்கள் இரண்டு போட்டார்கள். தோற்றோம். வராந்தாவில் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: "ஏழுமல மட்டும் இருந்திருந்தா…" அப்பாவும் வந்திருந்தார். "பாவம்டா அந்தப் பையன். அவன் இருந்திருந்தா கப்பு ஒங்களுதுதான்," என்றார். என் வாழ்நாளில் போட்ட ஒரே நல்ல கோல். அதையும் மைதானத்தில் இல்லாதவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகக் குப்பத்துக்குப் போனோம். தொடை வரை மாவுக்கட்டோடு கட்டிலில் படுத்திருந்தான். தோற்ற கதையை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"ஒண்ணு போட்டீங்களாமே, யாரு?"

"நான்தான்."

"எந்தக் கால்ல?"

"எடது."

"ஒனக்கு எடது காலே வராதேடா!" எழுந்து உட்காரப் பார்த்தான். "வா, காட்டு."

விடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து அவனை மணலுக்குத் தூக்கிவந்தோம். இரண்டு படகுகளுக்கு நடுவில் கருங்குழிக்காரன் நின்றான். நான் உதைத்தேன். பந்து படகில் பட்டுத் தெறித்தது. மறுபடி உதைத்தேன், கடலுக்குப் போயிற்று. ஒருவழியாக ஒன்று உள்ளே போனது. "அப்டித்தான் மச்சான்!" என்று நாற்காலியிலிருந்து விழுந்துவிடுவதுபோல் கத்தினான். என் கோலைப் பற்றி என்னிடம் கேட்டவன் அவன் ஒருவன்தான். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் கேட்டிருப்பேனா? சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பேன். அன்றோடு அவன் கால் மேல் இருந்த பொறாமை இடம் மாறி அவன் மனசின் மேல் போய் உட்கார்ந்தது. இன்னும் இறங்கவில்லை.

கால் சேர்ந்தது, ஆனால் ஓட வரவில்லை. அடுத்த வருஷம் பனியன் எனக்கே திரும்பி வந்தது. முதல் சுற்றிலேயே நாங்களும் திரும்பி வந்தோம்.

இப்போது மைதானத்தில் புதுக் கட்டடம் நிற்கிறது. கருங்குழிக்காரன் எங்கிருக்கிறான் என்று தெரியவில்லை. அப்பாவும் இல்லை. ஏழுமலை ஐஸ் வியாபாரம் பார்க்கிறான். சென்ற மழைக்காலம் முடிந்து அவனைப் பார்க்கப் போயிருந்தேன். குப்பத்தின் முன்னால் இருந்த மணலையெல்லாம் கடல் தின்றுவிட்டது. வீடுகளைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். சற்றே விந்தி நடந்து என்னைக் கல் மேல் ஏற்றிவிட்டு, தண்ணீரைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"அதோ, அங்கதான்டா நீ ஒதச்ச."

பார்த்தேன். அங்கே அலை மட்டும் வந்துகொண்டிருந்தது.