கீழ் வீட்டுக்காரர் பேசிக் குறைத்த நெட் பில்

சலுகைக் காலம் முடிந்துவிட்டது என்று நெட் கம்பெனி எங்களிடம் சொல்லவில்லை, பில்தான் சொன்னது. அதுவரை கட்டியதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. என் கணவர் எம்பிராய்டரி டிசைன் போடுகிறவர். வேலை முழுக்க வீட்டுக் கம்ப்யூட்டரில்தான். "இன்னைக்கு அவங்கள உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

தோசை ஊற்றிக்கொண்டிருந்த எனக்கு "ஆமாங்க", "சரீங்க", "அப்படீங்களா" என்பது மட்டுமே கேட்டது. திரும்பி வந்தபோது முன்னைவிடப் பெரிய பிளானுக்குத் தலையாட்டிவிட்டு வந்திருந்தார். கொரியன் சீரியல் எல்லாம் அதில் இலவசமாம்.

"அந்தப் பொண்ணு அத்தன மரியாதையாப் பேசுச்சு. எப்படி வேண்டாங்கறது?"

நான் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். விலையைக் குறைக்கச் சொல்லும் வெளிநாட்டுக்காரர்களோடு பகல் முழுக்க மல்லுக்கட்டுகிறவள். போனை வாங்கித் திரும்பக் கூப்பிட்டு, "பெரிய பிளானும் வேண்டாம், சின்ன பிளானும் வேண்டாம், கட் பண்ணிடுங்க" என்றேன். கெஞ்சிக்கொண்டு இறங்கி வருவார்கள் என்று நினைத்தேன். "நன்றி மேடம்" என்று சொல்லி, மறுநாள் காலையிலேயே கட் பண்ணிவிட்டார்கள்.

சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டில் இருக்கும் எங்கள் ஹவுஸ் ஓனர். சோமனூரில் தறி ஓட்டிவிட்டு இங்கே வந்தவர், எழுபதைத் தாண்டியவர்.

"ஏனுங்க அம்மணி, நம்ம நெட்டு வர மாட்டேங்குதுங்களே?"

"நம்ம நெட்டுங்களா?"

என் கணவர் சுவரைப் பார்த்தார். பேத்தியின் வளைகாப்பை வீடியோவில் பார்க்க எப்போதோ ஓனருக்குப் பாஸ்வேர்டு கொடுத்தாராம். அது அவருடைய டிவி, மனைவியின் போன், கேட்டில் இருக்கும் கேமரா வரை போய்ச் சேர்ந்திருந்தது.

நடந்ததைச் சொன்னேன். எங்களுக்கு வந்ததைவிட அதிகக் கோபம் அவருக்கு வந்தது. "சொல்லாம கொள்ளாம வெலய ஏத்துவாங்களா? போனக் குடுங்க தம்பி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நெட் கம்பெனியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரைப் போட்டு, என் கணவராகவே பேச ஆரம்பித்துவிட்டார்.

"நான்தான் கண்ணு பேசறேன். சாப்டீங்களா? எந்த ஊருங்க? திருநெல்வேலீங்களா! நல்ல ஊருங்க."

எதிர்முனையில் இருந்த பெண், கணக்கைச் சரிபார்க்கப் பிறந்த தேதி கேட்டாள். கணவர் காதில் ஓத, அப்படியே ஒப்பித்தார். எதிர்முனை கொஞ்சம் தயங்கியது.

"சார், உங்களுக்கு முப்பத்து நாலு வயசுதானே? குரல் வந்து..."

"சளிங்க கண்ணு. மழைல நனஞ்சுட்டேன்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். அவர் திட்டவில்லை, மிரட்டவில்லை. போனை மட்டும் வைக்க மாட்டேன் என்றார். நூல் விலை, கரண்ட் பில், முழங்கால் வலி எல்லாம் பேசினார். "பழைய வெலைக்கே குடுத்தர்றீங்களா? இல்லீன்னா இப்படியே பேசீட்டிருக்கலாமுங்க. எனக்கு இன்னைக்கு ஒரு வேலையுமில்லீங்க."

அந்தப் பெண் யாரையோ கேட்டுவிட்டு வந்து, இன்னும் ஒரு வருடத்துக்குப் பழைய விலைதான் என்றாள். மதியமே நெட் வந்துவிட்டது.

"இனிமே பாதி நீங்க குடுத்தர்றீங்களாங்க?" என்று கேட்டேன். மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். மாதம் பிறந்ததும் கொண்டுவந்து கொடுத்தும் விடுகிறார். அதுதான் வம்பாகிவிட்டது. ஓசியில் பார்த்த காலத்தில் வாயே திறக்காத மனிதர், இப்போது டிவியில் படம் நின்று வட்டம் சுற்ற ஆரம்பித்தால் மாடியேறி வந்து நிற்கிறார்.

"காசு குடுக்கறமில்லீங்க அம்மணி, கொஞ்சம் பாக்கப்படாதுங்களா?"

என் கணவர் எழுந்து போய் நெட் பெட்டியை அணைத்துப் போடுகிறார். கீழேயிருந்து ஓனர் மனைவி "வந்துருச்சுங்க" என்று கத்தும்வரை மனிதர் எங்கள் வாசலைவிட்டு நகர்வதில்லை.