எடை சொல்லும் வெள்ளைக்காரம்மா

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் ஆங்கிலத்தில் எந்த எண்ணைச் சொன்னாலும் எனக்குப் புரியும். மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போனபோது அங்கிருந்த பிரின்சிபால் அம்மாவிடம், "ஹேவ் எ நைஸ் டே, குட்பை" என்று கணீரென்று சொன்னேன். பேச்சே அப்போதுதான் தொடங்கியிருந்தது என்பது வேறு விஷயம். இதெல்லாம் எந்த வாத்தியாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. ஒரு எடை மிஷின் கற்றுத்தந்தது.

கள்ளக்குறிச்சியில் புளி மண்டி வைத்திருக்கிறேன். மூட்டை தூக்கி ஆரம்பித்தவன். இன்று கல்வராயன் மலையில் காய்க்கிற புளியில் நல்ல பங்கு என் மண்டியில்தான் இறங்குகிறது. நான் சொன்னால் பெருமை என்பார்கள், எதிர்மண்டிக்காரரைக் கேட்டுப் பாருங்கள், வயிற்றெரிச்சலோடு அவரே சொல்வார்.

அந்த மிஷின் நைனார்பாளையத்தில் ஒரு வீட்டில் இருந்தது. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர் பல வருஷம் முன்பு கொண்டுவந்தது. மனிதர்கள் ஏறி நின்று பார்க்கிற சின்ன மிஷின். ஏறினால் ஒரு வெள்ளைக்காரப் பெண் குரல் "ஹலோ" என்று ஆரம்பித்து, எத்தனை கிலோ என்று ஆங்கிலத்தில் சொல்லி, "ஹேவ் எ நைஸ் டே, குட்பை" என்று முடிக்கும். அந்த வீட்டம்மா கொஞ்சம் பூசின உடம்பு. அவர் ஏறினால் எடை நாலு வீட்டுக்குக் கேட்கும். "இது இந்த வூட்ல இருந்தா நான் இருக்கமாட்டேன்" என்று அவர் சொன்ன அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். விலையாக ஒரு மூட்டை புளியை இறக்கிவிட்டு மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

முத்திரை போட்ட தராசு மண்டியில் தனியாக இருக்கிறது. அது சர்க்காருக்கு. மலையிலிருந்து வருகிறவர்கள் தராசு முள்ளை நம்பி எத்தனையோ இடத்தில் ஏமாந்தவர்கள். ஆகவே என் மண்டியில் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருதரம் மிஷினில் ஏறுவார்கள். மூட்டையை இறக்கிவிட்டு இன்னொருதரம் ஏறுவார்கள். கழித்தால் வருவது புளி. தராசும் அதையே காட்டினால்தான் வியாபாரம். அந்த எண்களை மலையில் இன்றைக்குக் குழந்தைகூட ஆங்கிலத்தில் சொல்லும். "குட்பை" வந்ததும், "வரேம்மா" என்று மிஷினுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். குட்பை வராமல் இறங்கினால் அந்த எடை செல்லாது. பழக்கம் அவர்களுடையது, மிஷினை வைத்த மூளை என்னுடையது.

போன மாசியில், புளி இறங்குகிற நேரம் பார்த்து, அந்தக் குரல் கெட்டது. "சிக்ஸ்டி" என்று வரும், பிறகு கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெள்ளிமலைப் பக்கமிருந்து ஓர் அம்மா வருவார். அவர் எந்த மண்டியில் மூட்டையை இறக்குகிறாரோ அங்கேதான் அவருடைய ஊரே இறக்கும். அவர் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"வெள்ளக்காரம்மாவுக்குத் தொண்ட கட்டிக்கிச்சி, மண்டிக்காரரே."

அடுத்த தடவை ஒரு பாட்டில் மலைத்தேன் கொண்டுவந்தார். மிஷினுக்குள் ஊற்ற முடியாது என்பதால் நான் குடித்தேன்.

"இன்னும் சரியாவலயா? அப்போ நாங்க சின்னசேலம் மண்டிக்குப் போய்க்கினு இருக்கறோம். சரியானதும் சொல்லி வுடுங்க" என்று மூட்டையோடு பஸ் ஏறினார். ஊரே பின்னால் போனது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ ரிப்பேர் பார்ப்பவரிடம் ஓடினேன். திறந்து பார்த்தார்.

"ஸ்பீக்கர் கிழிஞ்சிட்ச்சி, நைனா. இத்தயே மாத்தலாம். இல்ல, உள்ள இருக்கற போர்டயே தூக்கிட்டு புதுசு போட்டா தமிழ்ல பேசும். யார் கொரல வேணும்னாலும் ஏத்தலாம்."

ரிப்பேர்காரர் செல்போனில் போட்ட படத்தைப் பார்த்துவிட்டுப் பாண்டிச்சேரியிலிருந்து ஒருத்தர் கார் எடுத்துக்கொண்டு என் மண்டிக்கு வந்தார். பேசுகிற பழைய சாமான்களாகச் சேர்க்கிறவராம். பேசும் கடிகாரம், பேசும் பொம்மை என்று வீடு நிறைய வைத்திருக்கிறாராம். மிஷினைக் குழந்தையைப் போலத் தடவினார்.

"ஐயா, இது எவ்வளவு அபூர்வம் தெரியுமா? ஒரு ஸ்க்ரூவைக்கூட மாத்திடாதீங்க. கிழிஞ்ச ஸ்பீக்கரோட அப்படியே கண்ணாடிப் பெட்டியில வைக்கணும்."

"அப்போ அது பேசாதுங்களே."

"பேசலைன்னா பரவாயில்லைங்க. ஒரிஜினலா இருக்கணும்."

"நான்கூட ஒரிஜினல்தான். பேசிக்கினுதானே இருக்கேன்" என்றேன்.

"அதான் நிறுத்தறதே இல்லயே" என்றாள் உள்ளேயிருந்து என் மனைவி. பிறகு வெளியே வந்து, "ஸ்பீக்கர மட்டும் மாத்துங்க. அந்தம்மா கொரல் அந்தம்மா கொரலாவே இருக்கட்டும். உங்களுக்கு இன்னா வம்பு?" என்றாள்.

எனக்கு அதைவிடப் பெரிய யோசனை வந்துவிட்டது. ஏலத்தில் நான் கூவினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். அப்படிப்பட்ட குரல் இருக்கும்போது ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணின் குரல் எதற்கு? ரிப்பேர்காரர் கடையில் உட்கார்ந்து எல்லா எண்ணையும் சொல்லிப் பதிந்தேன். முன்னால் "வணக்கம்". பின்னால் "போய் வாருங்கள்". நடுவில் என் சொந்தச் சரக்காக, "இந்த மண்டியை நம்பலாம்" என்று ஒரு வரி.

சொல்லி அனுப்பியதும் மலைக்கார அம்மா வந்தார். மூட்டையோடு ஏறினார். மிஷின் என் குரலில் வணக்கம் சொன்னது. அவர் என்னைப் பார்த்தார். நான் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன். எடை வந்தது. "இந்த மண்டியை நம்பலாம்" என்றது மிஷின்.

அவர் இறங்கிவிட்டார்.

"இது நீங்க பேசறதுதானே?"

"நான்தான். எப்படி கீது?"

"வாங்கறதும் நீங்க, எட சொல்றதும் நீங்க. நம்பலாம்னு வேற நீங்களே சொல்றீங்க. அப்புறம் நான் எதுக்கு ஏறி நிக்கணும்?" மூட்டையை மறுபடி தலைக்கு ஏற்றினார். "அந்தம்மாவுக்கு இங்க யாரும் சொந்தம் இல்ல. அதனாலதான் கேட்டோம்."

என் மனைவி உள்ளே சிரித்தது எதிர்மண்டி வரை கேட்டது.

அவர் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் நான் மிஷினோடு ரிப்பேர் கடைக்குப் போய்விட்டேன். பழைய போர்டைப் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார். "நீ வருவேன்னு தெரியும், நைனா" என்றார். புது ஸ்பீக்கரோடு வெள்ளைக்காரம்மாவை உள்ளே குடிவைத்தார். பாண்டிச்சேரிக்காரருக்குப் போன் செய்து சொன்னேன். "ஸ்பீக்கரை மாத்திட்டீங்களா" என்றார், சாவுச் செய்தி கேட்டவர்போல. போனை வைத்துவிட்டார்.

மலைக்கார அம்மாவின் பஸ் இன்னும் கிளம்பவில்லை. சன்னலோரம் நின்று கூப்பிட்டேன். அரை மனதாக இறங்கி வந்து, ரிப்பேர் கடை வாசலில் வைத்த மிஷினில் மூட்டையோடு ஏறினார்.

"ஹலோ" என்றது. குரல் கணீரென்று இருந்தது. எடையைச் சொல்லிவிட்டு "குட்பை" என்றது. மூட்டையை இறக்கிவிட்டு மறுபடி ஏறினார். எடை சொல்லி, "குட்பை" என்றது.

"தேன் வேல செஞ்சிருக்குது" என்றார்.

நான் ஆமாம் என்றேன். என் தொண்டையும் அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது.

அவர் குனிந்து மிஷினைப் பார்த்து, "வரேம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினார். புளி என் மண்டியில் இறங்கியது.