ஆர்டிஸ் தோண்டிய வளைவு

ஆர்டிஸ் ஹால்வர்சனின் வலது கட்டைவிரலை நம்பித்தான் எங்கள் ஊரில் சைக்கிள் ஓடுகிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆற்றங்கரை வனக் காப்பகத்துக்குள் ஒன்பது மைல் காட்டுத் தடம் இருக்கிறது. அதன் வாசலில் ஒரு பலகை. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. மழை பெய்த மறுநாள் காலையில் ஆர்டிஸ் வந்து, குனிந்து, தடத்து மண்ணில் கட்டைவிரலை ஊன்றுவாள். நகம் புதைந்தால் சிவப்பு. அன்றைக்கு ஒரு சக்கரமும் உள்ளே போகாது. ஈரத்தில் ஒரே ஒருத்தன் ஓட்டினால் போதும், அந்தக் கோடு காய்ந்து இறுகி அடுத்த மழைக்கு வாய்க்காலாகிவிடும். அப்புறம் மண்வெட்டியோடு மாரடிக்கிறது யார்? நாங்கள்தான்.

நாற்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். விஸ்கான்சின் பனியில் ஒரு பிள்ளையைக்கூடப் பள்ளத்தில் இறக்காதவள். வேலையை விட்ட மறுவாரமே சைக்கிளில் ஏறினாள். ஊரில் பாதிப்பேர் அவள் பஸ்ஸில் போய் வளர்ந்தவர்கள், அதனால் அவளிடம் யாருடைய பாச்சாவும் பலிக்காது. ஒரு சிவப்பு நாளில் பல் டாக்டர் கர்ட் புத்தம் புது சைக்கிளோடு வந்து நின்றான்.

"நேத்து வெறும் தூறல்தானே ஆர்டிஸ்? சும்மா ஒரே ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்."

"பஸ் சீட்டுக்கு அடியில சூயிங்கம் ஒட்டினவன் நீதானே? அப்பவும் 'சும்மா'ன்னுதான் சொன்ன. போ, போய் யாருக்காவது பல்லைப் புடுங்கு."

கர்ட் திரும்பிப் போனான். நாற்பத்தைந்து வயது ஆம்பளை, காது சிவந்து போனான்.

நான் வெர்ன். பாலாடைக்கட்டி ஆலையில் வேலை. சனி, ஞாயிறில் ஆர்டிஸோடு மண் வெட்டுவேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும், அவள் அதைப் பார்த்துச் சிரிப்பாள். அப்படித்தான் பத்து வருஷம் ஓடியிருக்கிறது.

ஆற்றுமேட்டில் ஒரு வளைவு வைக்க வேண்டும் என்பது அவளுடைய ரொம்ப நாள் ஆசை. சரிவில் வேகமாக இறங்கி வருகிற சைக்கிள் வெளியே தூக்கி வீசப்படாமல் சாய்ந்து திரும்புவதற்காக, வெளிப்பக்கம் மார்பளவு மண்சுவர் எழுப்பிய வளைவு. காப்பகத்தில் அனுமதி வாங்க ஒரு வருஷம், மண் சுமக்க ஒரு வருஷம், பனியில் கிடந்து இறுக ஒரு குளிர்காலம். இடத்தை அவளேதான் பார்த்தாள். நான் மர நிழலில் வைக்கலாம் என்றேன்.

"நிழல்ல மண்ணு காயாதுடா. இங்க பாரு, நாள் பூரா வெயில், மணல் கலந்த மண்ணு. மழை விட்ட அரை நாள்ல பச்சைப் பலகை போடலாம்."

சரி என்று மண்வெட்டியை எடுத்தேன். அவள் சொன்னது சரிதான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தோண்டியவர்தான் முதலில் ஓட்ட வேண்டும். அதற்கு முன்னால் வேறு யாரும் அதில் சக்கரம் வைக்க மாட்டார்கள். ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்டிஸ் ஓட்டுவதாக இருந்தது. செப்டம்பரில் அவளுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன். அதற்கப்புறம் காட்டில் சைக்கிளே கூடாது என்று சொன்னாலும் சொல்வேன் என்று டாக்டர் முன்கூட்டியே பயமுறுத்தியிருந்தார். ஆக, அந்த ஒரு கோடைதான் அவள் கையில் இருந்தது.

சனிக்கிழமை காலையில் கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்று போனோம். வளைவின் சுவரில், நடு உச்சியில், சட்டிமூடி அகலத்துக்கு ஒரு கடி ஆமை பின்னங்கால்களால் குழி பறித்துக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி!" என்று கத்தினேன். ஆமையைத்தான்.

"கத்தாத. முட்டை போடுது."

வெள்ளை வெளேரென்று ஒவ்வொன்றாக விழுந்தது. ஆர்டிஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாள் பூரா வெயில், மணல் கலந்த மண். ஆமைக்கும் அதே யோசனைதான். மூன்று வருஷம் முதுகொடிய உழைத்து, ஆமைக்கு அருமையான பிரசவ வார்டு கட்டிக் கொடுத்திருக்கிறோம்!

"நாம ரெண்டு பேர்தான் பார்த்தோம்," என்றேன். ஆமாம், சொன்னேன், வெட்கப்பட்டுக்கொண்டேதான் சொன்னேன். "நாளைக்கு ஒரே ஒரு தடவை ஓட்டிடு. அப்புறம் காப்பகத்துக்குச் சொல்லலாம். முட்டை ஆழத்துலதானே இருக்கு?"

அவள் போனை எடுத்துக் காப்பகத்து அதிகாரி மேரிபெத்தைக் கூப்பிட்டாள். மத்தியானத்துக்குள் நரியும் ரக்கூனும் தோண்டாமலிருக்க முட்டைமேல் கம்பிக்கூண்டு வந்தது. வளைவைச் சுற்றிக் கயிறு வந்தது. குஞ்சு வெளியே வர எண்பது நாளாவது ஆகும் என்றாள் மேரிபெத். ஆர்டிஸ் விரல்விட்டு எண்ணினாள். "ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரம் கிடைக்கும்," என்றாள்.

அந்தக் கோடை முழுக்க எனக்கு வயிற்றெரிச்சல்தான். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு ஊர் மன்றத்தில் கூடும்போதெல்லாம் ஒரே கேலி. "என்ன வெர்ன், சீமந்தம் எப்போ?" கர்ட்தான் கேட்டான். எழுந்து அடிக்கப் போனேன், ஆர்டிஸ் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் நொண்டி நொண்டி தினமும் போய்க் கூண்டைப் பார்த்துவிட்டு வருவாள். படி ஏறும்போது பல்லைக் கடிப்பாள். ஒரு வார்த்தை முனகியதில்லை.

எண்பது தாண்டியது. எண்பத்தைந்து தாண்டியது. ஆபரேஷனுக்கு மூன்று நாள் இருக்கும்போது, சனிக்கிழமை, மண் விரிந்தது. காசளவு குஞ்சுகள், முதுகில் மண்ணோடு, இருபத்தாறு. ஆர்டிஸ் கூண்டைத் தூக்கினாள். எல்லாம் ஆற்றைப் பார்த்தே நடந்தன. நான் அழவில்லை, கண்ணில் மணல்.

ஞாயிற்றுக்கிழமை மேரிபெத் வந்து குழி காலி என்று சொன்னாள். நாங்கள் குழியை மூடி, தட்டி, சுவரைச் சீராக்கினோம். திங்கள் காலையில் ஓட்டம், செவ்வாய் ஆஸ்பத்திரி. ஞாயிறு சாயங்காலம் மேற்கே கருத்தது. விடிய விடியப் பெய்தது, பாழாய்ப் போன மழை.

திங்கள் காலையில் கர்ட் உட்பட பத்துப் பதினைந்து பேர் வாசலில் நின்றோம். ஆர்டிஸ் குனிந்து விரலை ஊன்றினாள். நகம் புதைந்தது.

"இன்னைக்கு ஒரு நாள் விடு ஆர்டிஸ்!" என்று நான் கத்தினேன். "எல்லாருமே இங்கதான் நிக்கறோம். யார் கேக்கப்போறா?"

"ஓட்டுங்க ஆர்டிஸ், கோடு விழுந்தா நான் வந்து சரி பண்றேன்," என்றான் கர்ட்.

அவள் எங்களை எல்லாம் ஒரு தடவை பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, மறைக்கவும் இல்லை. "உங்க எல்லாரையும் திருப்பி அனுப்பியிருக்கேனே," என்றாள். பலகையைச் சிவப்புக்குத் திருப்பினாள். சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அன்று பூராவும் மழை விட்டு விட்டுப் பெய்தது.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. டாக்டர் ஆறு மாசம் சைக்கிளைத் தொடக்கூடாது என்றார், அப்புறம் பார்க்கலாம் என்றார். பலகை என் பொறுப்பாயிற்று, என் கட்டைவிரல். இலையுதிர் காலம் வந்தது, எங்கள் தடத்துக்கு வருஷத்தில் அருமையான பருவம். மண் காய்ந்து கல்லு மாதிரி இருந்தது, பலகை வாரக்கணக்கில் பச்சை. நான் ஒருவரிடமும் வளைவைப் பற்றிப் பேசவில்லை. யாரையும் தடுக்கக் கயிறுகூடக் கட்டவில்லை.

மே மாதம் டாக்டர், "மெதுவா, ஒரே ஒரு தடவை," என்று விட்டார். ஆர்டிஸ் வந்தாள். பலகை பச்சை. என்னை நம்பாமல் தானும் குனிந்து விரலை ஊன்றிப் பார்த்தாள். ஆற்றுமேட்டுக்கு நடந்தே போனோம், பின்னால் கர்ட் அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான்.

வளைவில் இலைச் சருகு ஒன்று இல்லை, யாரோ வாரம் தவறாமல் பெருக்கியிருந்தார்கள். சக்கரக் கோடும் ஒன்று இல்லை. பக்கத்தில் புல்லில் மட்டும் ஒரு பாதை தேய்ந்து கிடந்தது. இலையுதிர் காலம் முழுக்க, ஊரே இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சுற்றிப் போயிருக்கிறது.

"யாருமே ஓட்டலையா?" என்றாள்.

கர்ட் தரையைப் பார்த்தான். "தோண்டினது நீங்கதானே."

ஆர்டிஸ் அவன் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். மேட்டுக்கு ஏறினாள். இறங்கினாள். மெதுவாவது, ஒன்றாவது! டாக்டர் பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார். சாய்ந்தாள், சுவரில் ஏறினாள், திரும்பினாள், வெளியே வந்தாள். மொத்தம் மூன்று விநாடி. நாங்கள் தொண்டை கட்டக் கத்தினோம்.

இறங்கியதும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அப்புறம் மூக்கைச் சிந்தினாள்.

"என்னடா பார்த்துக்கிட்டு நிக்கறீங்க? மூணு வாரத்துல ஜூன். முட்டை போட அந்த ஆமை திரும்ப வந்துடுவா. அதுக்குள்ள ஓட்டித் தொலைங்கடா எல்லாரும்!"

கர்ட் முதல் ஆளாக மேட்டுக்கு ஓடினான்.