நூனும் சூனும்

உடம்பில் எல்லா இடத்துக்கும் பெயர் உண்டு. அந்த ஒரு இடத்துக்கு மட்டும் எங்கள் வீட்டில் பெயர் கிடையாது. வைவதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது; வண்டிக்காரர்கள் சண்டை போடும்போது காதில் விழுந்திருக்கிறது. நோவைச் சொல்ல அது உதவாது. ஆகவே அங்கே கட்டி கிளம்பியபோது கால் வலிக்கிறது என்று சொன்னேன். காலுக்குத் தேய்த்துக்கொள்ளத் தைலம் கிடைத்தது.

அப்போது கல்கத்தாதான் ராஜதானி. பவானிபூரில் ஒரு வங்காளி வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம். வீட்டில் நாங்கள் இருவரும், தாயில்லாத அவரை வளர்த்த அவருடைய அத்தையும். அத்தையைப் பொல்லாதவள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் காலை ஒரு விரற்கடை தள்ளி வைத்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

முதலில் புளியங்கொட்டை அளவு இருந்தது நெல்லிக்காய் அளவாயிற்று. உட்கார்ந்தால் உயிர் போகும். நடந்தால் உரசும். நிற்பது ஒன்றுதான் தேவலை. அரைப்பது, நறுக்குவது, அரிசி களைவது, கோலம் போடுவது என்று பெண்பிள்ளை வேலை முழுவதையும் குந்தித்தான் செய்யவேண்டியிருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எந்தப் புண்ணியவான் இப்படி ஏற்படுத்தினானோ, அவனுக்கு ஒரு நாள் அங்கே கட்டி வரவேண்டும் என்று வாயாரச் சபித்தேன்.

வாய் திறந்து சொல்லியிருக்கலாமே என்று இந்தக் காலத்துப் பெண்கள் கேட்பார்கள். சாந்த்ராகாச்சியில், ரயில்வேயில் இருந்த எங்கள் மனுஷர் ஒருவரின் மனைவிக்கு உடம்பில் வெள்ளையாகத் திட்டு வந்தது. ஆறு மாதம் பிறந்தகத்தில் இருந்துவிட்டு வரட்டும் என்று தஞ்சாவூர்ப் பக்கம் ரயிலேற்றினார்கள். அவள் திரும்பி வருவதற்குள் அந்தச் சமையலறையில் இன்னொருத்தியின் வளையல் சத்தம் கேட்டது. எனக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம், குழந்தை இல்லை. இதில் அந்த இடத்தில் வியாதி என்றும் தெரிந்தால் என் கதி என்ன என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

திருட்டுத்தனமாக வைத்தியம் செய்துகொண்டேன். வெந்தயத்தை அரைத்துப் பற்றுப் போட்டேன். வேப்பிலையும் மஞ்சளும் வைத்துக் கட்டினேன். விளக்கெண்ணெயில் துணியை நனைத்து, சுடச்சுட ஒற்றிக்கொண்டேன். "என்னடி, வெந்தயம் இப்படிக் கரையறது?" என்றாள் அத்தை. "உடம்பு சூடு, அத்தை" என்றேன். அதில் பொய் இல்லை. அப்போதே ஜுரம் கண்டிருந்தது.

மாடியில் இருந்த வீட்டுக்காரர் மனைவியைத் தீதி என்று கூப்பிடுவேன். துணி உலர்த்தப் போனபோது நான் படியேறிய அழகைப் பார்த்துவிட்டு என்னை மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். என் வங்காளிப் பேச்சு கறிகாய்க்காரனோடு முடிந்துவிடும். அவளுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் விரலை மடக்கி உருண்டையாகக் காட்டி, எங்கே என்று கண்ணாலேயே கேட்டாள். தலையை ஆட்டினேன். அழுகை வந்துவிட்டது. மொழி தெரியாதவளுக்குத்தான் என் நோவு தெரிந்தது.

"கொரொம் ஜொலே நூன் தியே போஷோ" என்றாள். வெந்நீரில் எதையோ போட்டு அதில் உட்காரச் சொல்கிறாள் என்று கையசைப்பில் விளங்கியது. அந்த எதையோதான் வினை. உப்புக்கு எனக்குத் தெரிந்தது என் கணவர் கடையில் சொல்லும் நிமக் என்ற இந்துஸ்தானி வார்த்தை. நூன் என்று ஒன்று இருப்பதே தெரியாது. வெற்றிலை போடுகிறவள் என்பதால் சூன் தெரியும். சூன் என்றால் சுண்ணாம்பு. ஜுரக் காதில் அவள் சொன்னது சூன் என்றே விழுந்தது. கட்டிக்குச் சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் போடுவது நம்முடைய வழக்கமும்தானே, ஊருக்கு ஊர் வைத்தியம் ஒன்றுதான் போலிருக்கிறது என்று மெச்சிக்கொள்ள வேறு செய்தேன்.

மறுநாள் அவர் ஆபீசுக்குப் போனதும், குளிக்கிற அறையில் வாயகன்ற மண்தொட்டியில் வெந்நீர் ஊற்றி, டப்பியில் இருந்த சுண்ணாம்பு அவ்வளவையும் கரைத்து அதில் உட்கார்ந்தேன். முதலில் இதமாகத்தான் இருந்தது. பிறகு எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். எழுந்திருக்க நினைத்தபோது கால் ஒத்துழைக்கவில்லை. என்னை அறியாமல் அலறிவிட்டேன்.

தீதி ஓடிவந்து தாழ்ப்பாளை உடைக்காத குறையாகத் திறந்தாள். வெள்ளைத் தண்ணீரைப் பார்த்ததும், "ஏ தோ சூன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். குடம் குடமாகத் தண்ணீரை என்மேல் கொட்டிக்கொண்டே "நூன், நூன்" என்று விரலை நக்கி முகத்தைச் சுளித்துக் காட்டினாள். அப்போதுதான் உப்பு என்று புரிந்தது. தோல் வழன்றுபோய்விட்டது. அவள் புடவையை விலக்கித் தேங்காயெண்ணெய் தடவும்போது வாசற்படியில் நிழல் விழுந்தது. அத்தை நின்றுகொண்டிருந்தாள். பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் கூடத்தில் அவர்கள் பேசுவது உள்ளே படுத்திருந்த என் காதில் விழுந்தது. "அது என்ன எழவோ, யார் கண்டா? நடக்கக்கூட முடியலைடா அவளுக்கு. உனக்கும் வயசாறது" என்றாள் அத்தை. அவர் எழுந்து போய் வாசற்கதவைத் தாழிட்டார். பிறகு உள்ளே வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, "உனக்குத்தான் முடியலையே. ஒரு ஆறு மாசம் ஊர்ல இருந்துட்டு வாயேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கெஞ்சியிருப்பேன்.

"எனக்கு என்ன முடியலை? இலை போடறேன், வாங்கோ" என்றேன்.

எழுந்தேன். தொடையோடு தொடை ஒட்ட, சுமங்கலி நடக்கவேண்டியபடி அடக்கமாக, அத்தையைத் தாண்டிச் சமையலறைக்கு நடந்தேன். அரிசி களைந்து உலை வைத்தேன். குந்தி உட்கார்ந்து அம்மியில் மிளகும் சீரகமும் அரைத்தேன். அத்தை நிலையில் சாய்ந்துகொண்டு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வந்தது. அடுப்புப் புகைக்கு யாருக்குத்தான் வராது.

இலையில் சாதம் வைக்கக் குனிந்தபோது கட்டி பட்டென்று உடைந்துவிட்டது. சூடாக, தொடை வழியாக இறங்கி, கணுக்காலுக்கு வந்தது. நாற்றம் எனக்குத் தெரிந்தது. புடவையைத் தழைய இழுத்துவிட்டு, தரையில் சொட்டியதை உள்ளங்காலால் மிதித்துக்கொண்டு அப்படியே நின்றேன். வலி ஒரே மூச்சில் பாதியாகக் குறைந்தது. அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். அத்தை நிலையை விட்டுக் கூடத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

"ரசம் இன்னும் கொஞ்சம் விடு" என்றார்.

விட்டேன். ஊருக்குப் போகிற பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது, சத்தியமாகச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.